தாய்லாந்துக் கடற்கரையில் ஓய்வுக்காலம்: கேள்வி பதில்

ஹுவா ஹின்னில் குடியிருக்கிறேன். இங்கே வீடு வாங்க வரும் நம்மவர்களுக்குப் பத்திரங்களைப் படித்துச் சொல்வதும், பதிவு நாளில் நில அலுவலகத்துக்குக் கூடப் போவதும் என் வேலை. வந்து சேர்ந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கோவை வாசகர்: அக்கா, அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறேன். புக்கெட்டில் கடலைப் பார்த்த மாதிரி 10 சென்ட் வாங்கி வீடு கட்ட எவ்வளவு ஆகும்?

விலையைப் பேசுவதற்கு முன் ஒன்று. தாய்லாந்தில் பொதுவாக வெளிநாட்டவர் பேரில் நிலம் பதிவாகாது. 1954ஆம் ஆண்டின் நிலச் சட்டம் அப்படி. நீங்கள் சொந்தமாக வாங்கக்கூடியது அடுக்குமாடியில் ஒரு ஃப்ளாட். அதிலும் ஒரு கட்டடத்தின் மொத்த ஃப்ளாட் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பேரில் இருக்கலாம். அந்த ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறது என்று கட்டட நிர்வாகம் கடிதம் தர வேண்டும். பழைய ஃப்ளாட் என்றால் பராமரிப்புக் கட்டண பாக்கி இல்லை என்ற கடிதமும் வேண்டும். இரண்டும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பணம் வெளிநாட்டுச் செலாவணியாகவே இங்கே வந்து, இங்குள்ள வங்கியில் தாய்லாந்து நாணயமான பாட்டாக மாற வேண்டும். வங்கி அதற்கொரு சான்று தரும். அதைக் காட்டினால்தான் உங்கள் பேரில் பதிவு நடக்கும். ஊரிலேயே பாட்டாக மாற்றி அனுப்பிவிட்டு, பதிவு நாளில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். வாங்கிய சொத்தை அந்தக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டவும் வேண்டும்.

சென்னை வாசகர்: மேடம், ஃப்ளாட் வாங்கினால் ரிட்டயர்மெண்ட் விசா தானாகக் கிடைக்குமா?

கிடைக்காது. வீடு வேறு, விசா வேறு. 50 வயது ஆகியிருக்க வேண்டும். இங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. இடையில் ஊருக்கு வருவதானால் மறுநுழைவு அனுமதி வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் விசா ரத்தாகிவிடும்.

மதுரை வாசகர்: நிலத்தை 30 வருடம் குத்தகைக்குத் தந்து, அப்புறம் 30, அதற்கப்புறம் 30 என்று 90 வருடத்துக்கு எழுதித் தருகிறார்களாம். நம்பலாமா?

முதல் 30 வருடத்தை நம்பலாம், அதுவும் நில அலுவலகத்தில் பதிவாகியிருந்தால். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே 30 வருடம்தான். மீதி 60 இன்றைய நிலக்காரர் தரும் வாக்குறுதி. அவர் நிலத்தை விற்றுவிட்டால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. நீங்கள் இறந்தால் குத்தகையும் முடிந்துவிடும். வாரிசுக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்குங்கள். 30 வருடத்துக்கு அந்தத் தொகை கட்டுப்படியாகிறதா என்று மட்டும் கணக்குப் போடுங்கள். பத்திரத்தின் தலைப்பில் உள்ள கருட முத்திரையையும் பாருங்கள். சிவப்பு கருடன் என்றால் அளந்து எல்லைக்கல் நட்ட முழுப் பட்டா. பச்சையும் கறுப்பும் அதற்குக் கீழே. கருடனே இல்லாத காகிதத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: கம்பெனி தொடங்கி நிலம் வாங்கலாமே? 51 சதவீதப் பங்கு தாய்லாந்துக்காரர்கள் பேரில், 49 என் பேரில், நிர்வாகம் முழுக்க என் கையில். வக்கீலே செய்து தருகிறார்.

அந்த 51 சதவீதத்துக்குப் பணம் போட்டது யார்? நீங்கள்தானே? அப்படியென்றால் அவர்கள் பினாமி. 1999ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் தொழில் சட்டப்படி, பேர் கொடுத்தவருக்கும் பேர் வாங்கியவருக்கும் 3 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் முதல் 10 லட்சம் பாட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நிலத்தையும் விற்றாக வேண்டும்.

அதே பேச்சில் இன்னொருவர்: சும்மா பயமுறுத்தாதீர்கள். நானே அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை.

இன்றுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் கம்பெனி வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்கிறது. எந்தத் தொழிலும் இல்லாமல் ஒரு வீட்டை மட்டும் வைத்திருக்கிறது என்று அந்தக் கணக்கே சொல்லும். புக்கெட்டிலும் சமூயி தீவிலும் இப்படிப்பட்ட கம்பெனிகளை அதிகாரிகள் தேடிப் பிடிக்கிறார்கள். 70 வயதில் விசாரணைக்கு அலைய உங்களால் முடியுமா?

சிங்கப்பூர் வாசகர் மறுபடியும்: விற்கும்போது பங்கை மாற்றினால் போதும், பதிவுச் செலவே இல்லை என்கிறாரே வக்கீல்?

உங்களிடம் வாங்குபவரும் அதே பினாமிச் சிக்கலை வாங்குகிறார். விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டார், தெரியாதவருக்கு விற்பது நியாயமில்லை. கம்பெனி தொடங்கிக் கொடுக்க வக்கீலுக்குக் கட்டணம் உண்டு. மாட்டினால் போவது உங்கள் பணம். உங்கள் பிராவிடண்ட் ஃபண்டு இது, ஐயா. தயவுசெய்து வேண்டாம்.

கோலாலம்பூர் வாசகர்: எங்கள் மலேசியாவில் வெளிநாட்டவர் பேரிலேயே நிலத்தோடு வீடு கிடைக்கிறதே?

கிடைக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்ச விலை உண்டு, மாநில அரசின் அனுமதியும் வேண்டும். மண் சொந்தமாக இருந்தே தீர வேண்டும் என்பவர்கள் அங்கே விசாரிப்பதுதான் சரி.

திருச்சி வாசகர்: என் மனைவி தாய்லாந்துக்காரர். அவர் பேரில் வாங்கலாமா?

வாங்கலாம். பணம் முழுக்க அவருடைய தனிச் சொத்து என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிலத்தில் பிறகு உங்களுக்குப் பங்கில்லை.

நாகப்பட்டினம் வாசகர்: எந்தக் கரை நல்லது? சுனாமியில் சொந்தங்களை இழந்த குடும்பம் நாங்கள். மனசில் அந்தப் பயம் இருக்கிறது.

நீங்கள் கேட்டது மிகவும் சரி. 2004 டிசம்பர் 26 அன்று உங்கள் ஊருக்கு வந்த அதே அலைதான் புக்கெட், பி பி தீவு, காவ் லாக் எல்லாவற்றையும் அடித்தது. தாய்லாந்தில் மட்டும் 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காவ் லாக்கில் காவல்துறை ரோந்துப் படகு 813, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தூக்கி எறியப்பட்டது. இன்றும் அங்கேயே நினைவுச்சின்னமாக நிற்கிறது. இதெல்லாம் அந்தமான் கடல் பக்கம். ஹுவா ஹின், பட்டாயா, சமூயி ஆகியவை தாய்லாந்து வளைகுடாவில் இருப்பதால் அந்த அலை வரவில்லை.

வளைகுடாவில் வேறு கவலை உண்டு: கரை அரிப்பு. பாங்காக்குக்குத் தெற்கே குன் சமுத் சின் என்ற கிராமத்தின் கரையைக் கடல் அரித்துக்கொண்டே போய், அதன் புத்தர் கோவில் இப்போது தண்ணீர் நடுவே நிற்கிறது. மழையும் கரைக்குக் கரை வேறு. அந்தமான் பக்கம் மே முதல் அக்டோபர் வரை. அப்போது கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. சமூயியில் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள்.

சேலம் வாசகர்: கடல் பார்த்த ஃப்ளாட்டில் பராமரிப்புச் செலவு அதிகமா?

அதிகம். அண்மையில் ஒருவருக்காக ஒரு ஃப்ளாட்டைப் பார்த்தேன். ஹாலில் புது பெயிண்ட், புது சோபா. பால்கனிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் மேல்தளத்தின் அடியில் சிமெண்டு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. ஏசியின் வெளி யூனிட்டில் விரல் வைத்ததும் அலுமினியத் தகடுகள் பொடியாக உதிர்ந்தன. உப்புக்காற்று செய்கிற வேலை இது. உங்கள் ஃப்ளாட்டுக்குள் நீங்கள் சரிசெய்யலாம். வெளிச்சுவர், தூண், லிஃப்ட் எல்லாம் கட்டடத்தின் பொது நிதியில் இருந்து வர வேண்டும். அந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது, கடைசி ஆண்டுக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுக்கும் கட்டடத்தில் வாங்காதீர்கள்.

ஈரோடு வாசகர்: நாங்கள் இல்லாத மாதங்களில் தினவாடகைக்கு விடலாமா?

30 நாளுக்குக் குறைவாக விட ஹோட்டல் உரிமம் வேண்டும். மாத வாடகைக்கு விடுங்கள்.

வேலூர் வாசகர்: சின்னதாக 5 சென்ட் நிலமாவது நம் பேரில் முடியாதா?

முடியாது. கோவை வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். 5 சென்டானாலும் 5 ஏக்கரானாலும் அதேதான்.

தஞ்சாவூர் வாசகர்: எங்களுக்குப் பிறகு ஃப்ளாட் பிள்ளைகளுக்குப் போகுமா?

போகும். அவர்களும் வெளிநாட்டவர் வாங்கத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குள் விற்க வேண்டும். இங்குள்ள சொத்துக்குத் தாய் மொழியில் தனி உயில் எழுதி, நகலைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: இன்னும் கட்டி முடிக்காத கட்டடம், ஹுவா ஹின்னில்தான். இந்த வாரமே முன்பணம் அனுப்பினால் தள்ளுபடியாம். அனுப்பட்டுமா அக்கா?

அனுப்பாதீர்கள் தம்பி. அக்டோபரில் வந்து ஒரு அறை வாடகைக்கு எடுங்கள். கட்டுமான அனுமதி எண்ணையும் நிலப் பத்திர நகலையும் அவர்களிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். வந்ததும் இரண்டையும் எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போவோம், நானும் கூட வருகிறேன்.