கயிறு மாட்டச் சொன்னால் சிரிக்கிறார்கள்!

கேள்வி: சிவில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறேன். பாளையங்கோட்டையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேற்பார்வை இப்போது என் பொறுப்பு. ஹெல்மெட், பெல்ட் எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஒருவரும் போடுவதில்லை. தலைமைக் கொத்தனார் என் அப்பா வயதுக்காரர். ஏதாவது சொன்னால், "நீங்க பொறக்க முன்னாடியே நான் சாரத்துல ஏறிட்டேன் தம்பி" என்கிறார். போன வாரம் வெளிப்பூச்சு நடக்கும்போது இரண்டாவது மாடிச் சாரத்தில் பலகை சரிந்து, ஒரு பையன் சவுக்குக் கட்டையைப் பிடித்துத் தொங்கினான். அவனை இழுத்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். "நெல்லையப்பர் காப்பாத்திட்டாரு" என்று சொல்லி, உடனே வேலையைத் தொடர்ந்துவிட்டார்கள். இவர்கள் மனப்போக்கை மாற்றவே முடியாதா? அபராதம் போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்தப் பையன் தப்பித்தானே, முதலில் அது போதும். இதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதற்றம் உங்களை விட்டுப் போகவே கூடாது.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தும் எனக்கு ஒரு விஷயம் கிடைக்கவில்லை. பலகை ஏன் சரிந்தது? அவர்கள் சிரித்ததை எழுதியிருக்கிறீர்கள், நெல்லையப்பரை எழுதியிருக்கிறீர்கள். பலகையின் இரண்டு முனையும் கட்டியிருந்ததா, தாங்குகிற குறுக்குக் கட்டையைத் தாண்டி எவ்வளவு நீட்டியிருந்தது என்பதை எழுதவில்லை. முனை நீளமாக வெளியே நின்றால், அதில் கால் வைத்ததும் மறுமுனை எழும்பிவிடும். கட்டையைத் தாண்டி அரை அடிக்குக் குறையாமலும் ஒரு அடிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கயிற்றால் கட்ட வேண்டும். நாளைக்குப் போனதும் இதைப் பாருங்கள்.

விபத்து என்றால் தொழிலாளியின் குணத்தைத்தான் முதலில் பார்ப்பது என்பது பழைய வழக்கம். 1931-இல் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன அதிகாரி, விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளர்களின் தவறான செயலால் நடப்பவை என்று எழுதினார். அந்தக் கணக்குக்கு அடிப்படை பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கைகள். மேற்பார்வையாளர் தன் மேலேயா குற்றம் எழுதிக்கொள்வார்? பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். நம் நாட்டில் கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996-இல் வந்த சட்டமும் பாதுகாப்பு ஏற்பாட்டை வேலை கொடுப்பவர் தலையில்தான் வைத்தது.

மனப்போக்கு என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. பயப்படுகிறவன் என்று பெயர் எடுக்க எந்த இளவட்டத்துக்கும் மனசு வராது. இருபது வருடம் விழாமல் நின்றவருக்கு இனியும் விழ மாட்டோம் என்ற நம்பிக்கை வந்துவிடும். ஆனால் அந்த நம்பிக்கையை வளர்த்துவிடுவது பெரும்பாலும் வேலையிடம்தான்.

பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். வாங்கிக் கொடுத்தீர்கள், சரி. அதன் கொக்கியை எங்கே மாட்டச் சொன்னீர்கள்? சவுக்குக் கட்டைச் சாரத்திலேயே மாட்டினால், சாரம் சரியும்போது ஆளும் சேர்ந்துதான் வருவான். இது உங்களைவிடக் கொத்தனாருக்கு நன்றாகத் தெரியும். அவர் சிரிப்புக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். மேல்மாடி கான்கிரீட் தூணில் கட்டி, தனியாக ஒரு உறுதியான கயிறு தொங்கவிட்டு, அதில் மாட்ட வழி செய்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

ஹெல்மெட்டும் அப்படித்தான். தலையில் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி சுமக்கிற சித்தாள் அக்கா எப்படி ஹெல்மெட் போடுவார்? சாரத்துக்கு அடியில் அவர் நடக்காதபடி வழியை மாற்றுங்கள். கலவையைக் கப்பி வைத்து மேலே இழுங்கள். கட்டர் மிஷின் வயரில் பிளக் இல்லாமல், இரண்டு கம்பியையும் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியைச் செருகியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அலட்சியம் என்று திட்டிவிட்டுப் போய்விடுவோம். அங்கே ஒரு பிளக் வாங்கி வைக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே கூலி. பூச்சுவேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசியிருக்கிறீர்களா? அப்படியென்றால் பலகை கட்டுகிற அரை மணி நேரம் அந்த ஆட்களின் கையிலிருந்து போகிற காசு. சனிக்கிழமை கூலியை நினைத்துக்கொண்டு மேலே ஏறுகிறவர் பலகையை அப்படியே போட்டுக்கொண்டு நிற்பார். நானோ நீங்களோ அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். சாரம் கட்டுவதையும் மாற்றுவதையும் தனிக் கூலியாகப் பேசச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் வாதாடுங்கள். நல்ல நேரத்துக்குள் தளம் போட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நெருக்கும்போதும் இதே கதைதான். முட்டுகளைச் சரிபார்க்க நேரம் வேண்டும் என்று முந்தின நாளே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி கொத்தனார். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். இருபது பேர் முன்னால் அவருக்குப் புத்தி சொன்னால் அவர் இறங்கி வரவே மாட்டார். காலையில் டீ குடிக்கும்போது, "அண்ணாச்சி, அன்னைக்குப் பலகை எப்படிச் சரிஞ்சுது? எப்படிக் கட்டினா நிக்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வார், கட்டியும் காட்டுவார். அவர் கை கட்டியதைப் பார்த்துத்தான் பையன்கள் கட்டுவார்கள். நீங்கள் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அதற்கு ஈடாகாது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன்கள் இருந்தால், எதற்கும் தலையாட்டுவார்கள். அவர்களையே ஒரு பலகை கட்டச் சொல்லிப் பாருங்கள். நீங்களும் ஹெல்மெட் இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள், ஒப்பந்தக்காரர் காரைவிட்டு இறங்கும்போது அவர் கையிலும் ஒன்றைக் கொடுங்கள்.

அன்றைக்கு அவர்கள் சிரித்ததை நான் திமிராக எடுத்துக்கொள்ளவில்லை. சாவைப் பக்கத்தில் பார்த்தவர்கள் கை நடுக்கத்தை மறைக்கச் சிரிப்பது உண்டு. அந்த நேரத்தில் வேலையை நிறுத்தி எல்லோரையும் கீழே இறக்கியிருக்கலாம். அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கலாம். விழாமல் தப்பித்த சம்பவம்தான் யாரையும் அடக்கம் செய்யாமல் காரணத்தைத் தேட நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. அதை விட்டுவிடாதீர்கள்.

அபராதம் வேண்டாம். போட்டால், அடுத்த முறை பலகை சரிந்த செய்தி உங்கள் காதுக்கே வராது. ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுத் திங்கட்கிழமை தள்ளாடி வருகிறவரையும் கூலி இல்லாமல் விரட்டினால், அடுத்த வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சாரம் ஏறுவார். கம்பி வளைக்கவோ சல்லி அள்ளவோ தரையில் வேலை கொடுங்கள்.

கயிறு இல்லாமல் ஏறினால் மட்டும் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிடுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிற காற்று ஒரு சென்ட்ரிங் பலகையை ஆளோடு தூக்கிவிடும், அன்றைக்கும் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், கொத்தனார் பக்கத்தில் நிற்கும்போதே அதை ஒப்பந்தக்காரர் வாயால் சொல்ல வையுங்கள்.