கேளுங்கள், சொல்கிறேன்: ரூலெட் மேசையில் முதல் நாள்

கேள்வி: ஐயா, நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் நண்பர்களோடு கோவா போகிறோம். மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் ரூலெட் ஆட ஆசை. எப்படி ஆடுவது? தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் கடைசியில் ஜெயித்துவிடலாமாமே?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, தருமபுரியில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அக்கா மகனோடு பனாஜி போனபோது அந்த மேசை ஓரம் இரண்டு மணி நேரம் நின்றேன். பார்த்ததும் நம்ம ஊர் மாரியம்மன் பண்டிகையில் உருட்டும் லங்கர் கட்டைதான் ஞாபகம் வந்தது. அங்கே படம் போட்ட துணி, இங்கே எண் போட்ட விரிப்பு.

அங்கே 21 வயது ஆகியிருக்க வேண்டும். பணத்தை, ஆட்டத்தை நடத்தும் டீலர் கையில் நீட்டாமல் மேசைமேல் வையுங்கள். உங்களுக்கென்று ஒரு நிறத்தில் சில்லுகள் தருவார். அவற்றை எண்மேல் வைக்கலாம், சிவப்பு கறுப்பு என்றும் வைக்கலாம். சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, சின்ன வெள்ளைப் பந்தை எதிர்ப்பக்கமாக விளிம்பில் ஓட விடுவார். வேகம் குறைந்ததும் அது தடுப்புகளில் பட்டு டக் டக்கென்று துள்ளி ஒரு குழியில் விழும். ‘நோ மோர் பெட்ஸ்’ என்று சொன்ன பிறகு விரிப்பில் கை வைக்கக் கூடாது.

குழிகள் 37. 1 முதல் 36 வரை பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பூஜ்யம் மட்டும் பச்சை. எல்லாக் குழிக்கும் நூறு நூறாக 3,700 ரூபாய் வைத்தால், விழுந்த எண்ணுக்கு 35 மடங்கும் வைத்த நூறும் சேர்த்து 3,600 வரும். குறையும் நூறு ரூபாய் கேசினோவுக்கு. எங்கே வைத்தாலும் சராசரியாக இந்த 2.7 சதவீதம் உங்களைவிட்டுப் போகும்.

இனி இரட்டிப்பு. சிவப்பிலோ கறுப்பிலோ நூறில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 12,700 ரூபாய் போயிருக்கும். எட்டாவது முறை 12,800 வைக்க வேண்டும். அதில் ஜெயித்தாலும் மொத்த லாபம் வெறும் நூறு. அதற்கு முன்பே மேசையின் உச்சவரம்பு தடுத்துவிடலாம். ஏழு தோல்வி அபூர்வமும் இல்லை, சுமார் நூறில் ஒரு முறை வரும். என் பக்கத்தில் நின்றவர், கறுப்பு ஐந்து தடவை வந்துவிட்டது, இனிச் சிவப்புதான் என்று முந்தைய சுற்றுகளைக் காட்டும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. சிவப்பை நம்பியவர்கள் பெரும்பணம் இழந்தார்கள். போன சுற்று பந்துக்குத் தெரியாது தம்பி.

திரும்பி வந்து போனில் ஆடிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. அப்புறம், உட்காரும் முன் சக்கரத்தைப் பாருங்கள். பச்சையில் இரட்டைப் பூஜ்யமும் இருந்தால் குழி 38, நஷ்டம் 5.26 சதவீதம், வேறு மேசைக்குப் போய்விடுங்கள். நிறச் சில்லுகள் அந்த ஒரு மேசைக்கு மட்டும்தான், எழுந்து வரும்போது டீலரிடமே மாற்றிக்கொள்ளுங்கள்.