ஹேல் முகாம்: பட்டாளம் போன பள்ளத்தாக்கில் ஓட்டக்காரர்கள்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் கோடையில் நடக்கும் பல நாள் ஓட்டம் டிரான்ஸ்ராக்கீஸ். அதை ஒருமுறை ஓடியிருக்கிறேன். மூன்றாம் நாள் இரவு தங்கல் ஹேல் முகாம் என்ற பழைய ராணுவத் தளத்தில். கூடாரத்துக்கு வெளியே சிமென்ட் அடித்தளங்கள் வரிசையாகப் புல்லுக்குள் கிடந்ததைப் பார்த்தபோது பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. ஓட்டக் குழு நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

லெட்வில் 100 மைல் ஓட்டம் இந்த முகாம் வழியாகத்தானே போகிறது, அக்கா?

இல்லை தம்பி, பலரும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். லெட்வில் ஊர் முகாமுக்குத் தெற்கே, டென்னசி கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 100 மைல் ஓட்டம் அங்கே புறப்பட்டு, ஹோப் கணவாயைத் தாண்டி வின்ஃபீல்ட் வரை போய், வந்த வழியே திரும்பும். முகாமுக்கு வருவது டிரான்ஸ்ராக்கீஸ். பியூனா விஸ்டாவிலிருந்து பீவர் கிரீக் வரை 6 நாள், ஏறத்தாழ 120 மைல். மூன்றாம் நாள் லெட்வில்லிலிருந்து முகாமுக்குச் சுமார் 24 மைல். மறுநாள் முகாமிலிருந்து ரெட் கிளிஃப் என்ற சிற்றூருக்குச் சுமார் 14 மைல்.

எந்த நாளும் மராத்தான் தூரத்தைத் தொடவில்லையே, இதை அல்ட்ரா, அதாவது மராத்தானைவிட நீண்ட ஓட்டம், என்று சொல்லலாமா?

கணக்குப் பார்ப்பவர்கள் முடியாது என்பார்கள். ஐந்தாம் நாள் காலை எழுந்து ஷூவுக்குள் காலை நுழைத்துப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

முகாமை ஏன் அவ்வளவு உயரத்தில் கட்டினார்கள்?

பள்ளத்தாக்கின் தரையே 9,200 அடி. 1939-40 குளிர்காலத்தில் ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர்கள் சோவியத் படையைத் திணறடித்ததை உலகமே பார்த்தது. அமெரிக்காவில் பனிச்சறுக்கு மீட்புக் குழுவை நிறுவிய சார்லஸ் மைனட் டோல், நமக்கும் மலைப்படை வேண்டும் என்று ராணுவத்தை விடாமல் நச்சரித்தார். கடைசியில் ராணுவம் இறங்கி வந்தது. அதற்குத் தேவை மாதக்கணக்கில் நிற்கும் பனி, செங்குத்து மலை, கூடவே ரயிலும் நெடுஞ்சாலையும். பாண்டோ என்ற சின்ன ரயில் நிலையம் இருந்த இந்த இடத்தில் எல்லாம் அமைந்தன. 1942 ஏப்ரலில் வேலை தொடங்கி நவம்பருக்குள் முகாம் நின்றுவிட்டது. சுமார் 15,000 பேருக்கு இடம். கொலராடோவைச் சேர்ந்த ஜெனரல் இர்விங் ஹேலின் பெயரை வைத்தார்கள்.

ஆள் சேர்த்த விதம்தான் எனக்குப் பிடித்த கதை. சேர விரும்புகிறவன் மூன்று பரிந்துரைக் கடிதம் கொண்டுவர வேண்டும். பட்டாளத்தில் சேரக் கடிதம் கேட்பது எந்த ஊர் வழக்கம்! சறுக்கு விளையாட்டு வீரர்கள், மலையேறிகள், கல்லூரிப் பையன்கள் என்று ஒரு தனி ரகக் கூட்டம் வந்து சேர்ந்தது.

வீரர்களுக்கும் நம்மைப் போல மூச்சு வாங்கியிருக்குமா?

நம்மைவிட மோசம். நாம் தண்ணீர்ப் பையும் மழைச்சட்டையும் சுமக்கிறோம். அவர்கள் முதுகில் 90 பவுண்டு மூட்டை. அதோடு புகை வேறு. குடியிருப்புகளின் நிலக்கரி அடுப்புகளும் ரயில் எஞ்சின்களும் கக்கிய கரிப்புகை, சுற்றிலும் மலை இருப்பதால் கிண்ணத்துக்குள் அடைத்த மாதிரி பள்ளத்தாக்கிலேயே தேங்கி நிற்கும். அதனால் வந்த ஓயாத இருமலுக்கு ‘பாண்டோ இருமல்’ என்றே பெயர். ‘கேம்ப் ஹேல்’ என்பதை ‘கேம்ப் ஹெல்’ ஆக்கி, நரகம் என்றார்கள்.

ஆனாலும் அவர்களில் சிலருக்கு இது விளையாட்டாகவும் இருந்திருக்கிறது. 1944 பிப்ரவரியில் 33 பேர் லெட்வில் பக்கமிருந்து ஆஸ்பென் வரை மலைகளைக் குறுக்கே கடந்து நான்கு நாளில் சறுக்கிப் போனார்கள். நம்பர் அட்டையும் பதக்கமும் இல்லாத பல நாள் ஓட்டம் என்றுதான் அதைச் சொல்வேன்.

இந்தப் படை உண்மையில் போரில் மலை ஏறியதா?

ஏறியது. இந்த முகாமில் பயிற்சி பெற்ற 10ஆவது மலைப்படைப் பிரிவு 1945 பிப்ரவரி 18 இரவு, இத்தாலியில் ஜெர்மானியர்கள் காவல் இருந்த ரீவா முகட்டில் இருட்டோடு இருட்டாக ஏறியது. அந்தச் சரிவில் ஒரு படை ஏறி வரும் என்று மேலே இருந்தவர்கள் நினைக்கவேயில்லை. அடுத்த நாளே பெல்வெடேர் மலைத் தாக்குதல் தொடங்கியது. அங்கே விலை பெரிது. போர் முடிவதற்குள் அந்தப் பிரிவில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். பிழைத்து வந்தவர்களில் பீட் சீபர்ட்டும் ஒருவர். 1962இல் வெய்ல் (Vail) என்ற இடத்தில் பனிச்சறுக்குத் தளத்தைத் திறந்தவர்களில் அவர் முதன்மையானவர். டிரான்ஸ்ராக்கீஸின் ஐந்தாம் நாள் ஓட்டம் முடிவது அந்த வெய்ல் ஊரில்தான்.

லெட்வில்லுக்கும் முகாமுக்கும் உறவு எப்படி?

முதலில் ஆகவில்லை. ஊரில் விபசார விடுதிகள் மலிந்திருந்ததால், அவற்றை ஒழுங்கு செய்யும்வரை வீரர்கள் அங்கே கால் வைக்கக் கூடாது என்று ராணுவம் தடை போட்டது. ஊருக்குச் சோறு போட்டது பக்கத்திலுள்ள கிளைமாக்ஸ் சுரங்கம். அதில் எடுக்கும் மாலிப்டினம் எஃகைக் கடினமாக்கும், போர்க் காலத்தில் கேட்கவே வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் சுரங்கம் படுத்தது, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வெளியாட்கள் ஓர் இரவாவது தங்கினால் ஊரில் காசு புழங்குமே என்று கென் க்ளௌபர் என்ற சுரங்கத் தொழிலாளி 1983இல் தொடங்கியதுதான் அந்த 100 மைல் ஓட்டம். ஓட்டத்துக்குக் கெடு 30 மணி நேரம் என்பதால் யாராக இருந்தாலும் தங்கித்தான் ஆக வேண்டும். மனுஷன் கணக்கு சரி.

திபெத்தியர்கள் இங்கே பயிற்சி எடுத்தார்கள் என்பது நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம். 1950களின் கடைசியிலிருந்து 1964 வரை சி.ஐ.ஏ. திபெத்தியக் கெரில்லாக்களுக்கு இங்கே ரகசியமாகப் பயிற்சி கொடுத்தது. காரணம் பழையதுதான், உயரமும் குளிரும். அவர்கள் இந்த இடத்தை ‘தும்ரா’ என்றார்கள், தோட்டம் என்று பொருள். ஒரே பள்ளத்தாக்கு ஒருவனுக்கு நரகம், இன்னொருவனுக்குத் தோட்டம். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்காமலிருக்க, அணு ஆயுதம் தொடர்பான சோதனை நடப்பதாகச் செய்தி பரப்பினார்கள்.

1961 டிசம்பரில் குட்டு உடையப் பார்த்தது. திபெத்தியர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போன பேருந்து பனியில் சிக்கி, இருட்டில் முடிய வேண்டிய வேலை விடிந்த பிறகுதான் நடந்தது. விமான நிலைய ஊழியர்கள் பார்த்துவிட்டார்கள், அந்த ஊழியர்களை ராணுவத்தினர் துப்பாக்கி முனையில் நிறுத்திவைத்தார்கள். நியூயார்க் டைம்ஸுக்குச் செய்தி போனது. அரசு கேட்டுக்கொண்டதால் அச்சேறவில்லை. 2010இல்தான் அங்கே ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள்.

இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது?

1965இல் முகாமை மூடினார்கள், பிறகு நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டிடங்கள் போய்விட்டன. அடித்தளங்கள், உள்விளையாட்டு அரங்கத்தின் கான்கிரீட் எச்சம், துப்பாக்கிப் பயிற்சித் திடலின் மிச்சம் இவ்வளவுதான். 2022 அக்டோபர் 12இல் ஜனாதிபதி பைடன் சுற்றுவட்டாரத்தில் 53,804 ஏக்கரைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஈகிள் ஆறு. வளைந்து வளைந்து ஓடிய ஆற்றை, முகாம் கட்டச் சதுப்பு நிலத்தைத் தூர்த்தபோது அளவுகோல் வைத்த மாதிரி நேர்க் கால்வாயாக்கிவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கும்போது அது தெரியும், இயற்கை ஆறு அப்படி ஓடாது.

ஒரு விஷயம் மட்டும். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் இருக்கலாம் என்று எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. பாதையை விட்டு இறங்கிப் போகாதீர்கள். துருப்பிடித்த இரும்பு எதையாவது பார்த்தால், ஞாபகார்த்தமாக இருக்கட்டுமே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.