பழைய டூரிங் பைக்: விலையைக் கேட்கும் முன் சேஸிஸ் எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, நீண்ட பயணங்களுக்காகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய டூரிங் பைக் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். மூன்று மாடல்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு ரீகால் வந்தது என்கிறார்கள். இன்னொன்றில் பிறவியிலேயே ஒரு கோளாறு உண்டு என்கிறார்கள். விற்பவர்களோ எல்லாம் சரிசெய்தாகிவிட்டது என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகத் தரப்பட்டு, அதன் ஃபிரேமில் பொறிக்கப்படும் சேஸிஸ் எண்ணிலிருந்து தொடங்குங்கள். குறை இருப்பதாகத் தெரியவந்த வண்டிகளைத் தயாரிப்பு நிறுவனம் திரும்ப அழைத்து, செலவில்லாமல் சரிசெய்து தரும் ஏற்பாட்டைத்தான் ரீகால் என்கிறோம். அந்த அழைப்பு ஒரு மாடல் முழுமைக்கும் வருவது அரிது. குறிப்பிட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாள்வரை தயாரான, குறிப்பிட்ட உதிரிபாகம் பொருத்தப்பட்ட வண்டிகளுக்கே பெரும்பாலும் வரும். ஒரே ஆண்டில், ஒரே நிறத்தில் வெளிவந்த இரண்டு வண்டிகளில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. ஆகவே, மாடலைப் பற்றி ஊரார் சொல்வதை வைத்துக்கொண்டு, நீங்கள் வாங்கப்போகும் வண்டியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. சேஸிஸ் எண்ணைத் தரத் தயங்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் சேர்ந்தது. 1, 0 ஆகியவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் இடம்பெறுவதில்லை. நீங்கள் எழுதிக்கொண்டதில் அவற்றில் ஒன்று வந்திருந்தால் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஹேண்டிலை ஒரு பக்கமாகத் திருப்பி, ஸ்டியரிங் தண்டு செல்லும் ஃபிரேமின் கழுத்துப் பகுதியை டார்ச் அடித்துப் பார்த்தால், பெரும்பாலான வண்டிகளில் எண் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். பதிவுச் சான்றில் இருப்பதை மட்டும் நம்பாமல், உலோகத்தில் இருப்பதைப் படமெடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் போக வேண்டிய இடம், அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம். எந்தெந்த ரீகால் அந்த எண்ணுக்குப் பொருந்தும், எவை எந்த நாளில் முடிக்கப்பட்டன, எவை நிலுவையில் உள்ளன என்பதை அவர்களுடைய பதிவேட்டிலிருந்து சொல்ல முடியும். இதற்கு அடுத்ததாகவே அரசு அமைப்புகளின் பட்டியல்களைப் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சேஸிஸ் எண்ணை இட்டுத் தேடும் வசதியை அளிக்கிறது. ஆனால் அதன் எல்லைகளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்: சரிசெய்து முடிக்கப்பட்ட ரீகால்கள் அதில் தெரியாது, 15 ஆண்டுகளுக்கு முற்பட்டவையும், சிறிய தயாரிப்பாளர்கள் அறிவித்தவையும் வராமல் போகலாம், வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான வண்டிக்கு அது பயன்படாது. பழைய வண்டிக்கு அங்கே 'நிலுவை ஏதுமில்லை' என்று வந்தால், அந்த வண்டிக்கு ரீகாலே வந்ததில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'சரிசெய்தாகிவிட்டது' என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1800 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. முன்பிரேக்கைப் பிடித்தால் பின்பிரேக்கும் சேர்ந்து இயங்கும்படி அமைந்த வண்டி அது. அந்த இணைப்பைச் செய்யும் இரண்டாம் நிலை மாஸ்டர் சிலிண்டரில் (பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) ஏற்பட்ட குறையால், பின்பிரேக் முழுமையாக விடுபடாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும் நிலை வந்தது. அப்படியே ஓட்டிக்கொண்டு போனால் சூடேறித் தீப்பற்றும் அபாயமும் இருந்தது. 2001 முதல் 2010 வரையிலான மாடல்களுக்கும் 2012 மாடலுக்கும் 2011 டிசம்பரில் ரீகால் அறிவிக்கப்பட்டது. அதே குறைக்காக, அதே ஆண்டுகளின் வண்டிகளை 2014 இல் நிறுவனம் மீண்டும் அழைத்தது. விற்பவர் 2012 தேதியிட்ட சர்வீஸ் ரசீதைக் காட்டி, ரீகால் முடிந்துவிட்டது என்று நல்லெண்ணத்துடனேயே சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதற்கு அந்த ஒரு ரசீது போதாது. எனவே எந்த ரீகாலுக்கும் 'செய்தார்களா?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எந்த எண்ணிட்ட அறிவிப்பின்படி, எந்தத் தேதியில், எந்த பாகத்தை மாற்றினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

காகிதம் கிடைத்த பிறகும் கையால் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நிறுத்திய உடனே வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டு பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் டிரைவ் வண்டியில் கொஞ்சம் கனம் தெரியும், அது இயல்பு. ஆனால் தள்ளிய வேகத்தில் அரைச் சுற்றுகூடப் போகாமல் சக்கரம் நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கைத் தொட வேண்டாம். உள்ளங்கையை அருகே கொண்டுபோனாலே எவ்வளவு காய்கிறது என்று தெரிந்துவிடும்.

பிஎம்டபிள்யூ வண்டிகளைப் பார்த்து வைத்திருப்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். 2015 இல், ஆர்1200ஆர்டி உள்ளிட்ட பல மாடல்களை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய ஃபிளாஞ்ச், போல்ட்டுகளை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் விரிசல் விடக்கூடும் என்பதே காரணம். அதற்குப் பதிலாக எஃகு ஃபிளாஞ்ச் பொருத்தித் தந்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, இந்தக் குறை முன்னாள் உரிமையாளர்களின் கைகளையும் சார்ந்தது என்பதுதான். நெடுந்தூரம் ஓடிய டூரிங் வண்டியில் பின்டயர் எத்தனையோ முறை மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் பிடித்து முறுக்கினாரா, பலத்தைக் காட்டி முறுக்கினாரா என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாவது, 2014 ஆர்1200ஆர்டியின் மின்னணுப் பின் ஷாக் அப்சார்பர். அதன் பிஸ்டன் தண்டு முறியலாம் என்று தெரியவந்ததும், 2014 ஜூனில், அந்த வண்டிகளை ஓட்டுவதையே நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களிடம் நிறுவனம் சொன்னது. அந்த ஆண்டு வண்டி கண்ணில் பட்டால், ஷாக் மாற்றப்பட்டதற்கான பதிவைப் பார்க்காமல் சோதனை ஓட்டத்திற்குக்கூட ஏற வேண்டாம்.

ஹார்லி டேவிட்சன் டூரிங் வண்டிகளில் 2008 முதல் 2011 வரையிலான, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள மாடல்களுக்கு 2018 இல் வந்த ரீகால் எல்லோருக்கும் பாடமாக அமையக்கூடியது. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்றாமல் விட்ட வண்டிகளில், ஏபிஎஸ் அமைப்பின் வால்வுகளில் படிவுகள் சேர்ந்து, பிரேக் பிடிக்காமல் போகும் நிலை உண்டானது. பைக்கை ஆண்டின் பெரும்பகுதி மூடிவைத்து, 'குறைவாகத்தான் ஓட்டினேன்' என்று பெருமையோடு விற்பவர்கள் உண்டு. நின்ற வண்டியிலும் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஓடிய தூரம் குறைவு என்பதைவிட, பிரேக் ஆயில் மாற்றிய தேதிகள் வரிசையாக எழுதப்பட்ட சர்வீஸ் புத்தகத்தையே நான் பெரிதாக மதிப்பேன்.

கேள்வி: ரீகால் பட்டியலில் எதுவுமே இல்லாத வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: வாங்கக் கூடாது. பாதுகாப்புக்குக் கேடு என்று முடிவான குறைகளுக்கே ரீகால் வரும். நடுவழியில் நிறுத்திவிடும் குறையும், பெருஞ்செலவு வைக்கும் குறையும் அந்தப் பட்டியலில் ஏறாமலேயே காலம் கடந்துவிடலாம். 1999 முதல் 2006 வரை வந்த ஹார்லி டேவிட்சன் டூரிங் வண்டிகளின் ட்வின் கேம் என்ஜினில், கேம் செயினை அழுத்திப் பிடிக்கும் டென்ஷனரின் பிளாஸ்டிக் பட்டை தேய்ந்து, தூள் ஆயிலில் கலந்து ஆயில் பம்ப்வரை போய்ச் சேரும். இதை ஓட்டிப் பார்த்து அறிய முடியாது. கேம் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்களா, எத்தனையாவது மைலில் பார்த்தார்கள் என்று கேட்டே அறிய வேண்டும். 1980களின் கோல்ட் விங் ஜிஎல்1200 வண்டியில், மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டர் கருகுவது அந்த வண்டிக்காரர்கள் அனைவரும் அறிந்த செய்தி. ஹோண்டா எஸ்டி1100இல் 1996க்கு முந்தைய 28 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைவிட, அதன் பிறகு வந்த 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் நம்பகமானது. அந்த வண்டியைத் தேடுபவருக்கு, ஒரு வருடம் முன்பின்னாக இருப்பதே பெரிய வேறுபாடு.

ஷாஃப்ட் டிரைவ் வண்டி எதுவானாலும் ஒரு சோதனையை மறக்காதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையுமாகப் பிடித்து, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுங்கள். 'டக்' என்று ஒரு சிறு ஆட்டம் கையில் உணர்ந்தால், பின் டிரைவின் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. சிலிண்டர்கள் இரு பக்கமும் எதிரெதிராக நீட்டியிருக்கும் பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகளில் இது அடிக்கடி பேசப்படும் குறை. பின் டிரைவ் ஆயிலை இறக்கிப் பார்க்க உரிமையாளர் சம்மதித்தால், காந்தம் வைத்த டிரெயின் போல்ட்டைத் துடைக்காமல் வாங்கிப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் கவலையில்லை, நகத்தில் அகப்படும் அளவுக்கு மினுக்கும் துணுக்குகள் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்குப் பிடித்த வண்டிக்கு ஒரு ரீகால் நிலுவையில் இருக்கிறது. விலையைக் குறைத்துத் தருகிறேன், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்கிறார் விற்பவர். இரண்டாவது உரிமையாளருக்கும் இலவசமாகச் செய்து தருவார்களா?

பதில்: ரீகால் வண்டியைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்ததன்று, கைமாறினாலும் உரிமை போகாது. ஆனால் காலவரம்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கச் சட்டப்படி, வண்டி முதன்முதலாக விற்கப்பட்டு 15 ஆண்டுகளுக்கு மேலான பிறகு அறிவிப்பு வந்தால், இலவசமாகச் செய்து தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. உதிரிபாகம் கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தும் பாகம் வராமல் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரேக், சக்கரம், ஸ்டியரிங், எரிபொருள் ஆகியவற்றைத் தொட்ட ரீகாலானால், விற்பவரையே செய்து முடிக்கச் சொல்லி, அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள். வாங்கிய பின், உங்கள் பெயரையும் முகவரியையும் நிறுவனத்தின் பதிவில் ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த அறிவிப்பு, வண்டியை விற்றுவிட்டுப் போனவரின் வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: கூடுதல் விளக்குகள், சூடேறும் கைப்பிடி, பாட்டுப் பெட்டி எல்லாம் பொருத்திய வண்டி, பேட்டரியும் புத்தம் புதிது. இதில் ஐயப்பட ஏதேனும் உண்டா?

பதில்: புதிய பேட்டரியைக் கண்டால் மகிழ்வதற்கு முன், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு டூரிங் வண்டியிலும் பேட்டரி புதிதாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம், மழை கொட்டிய இரவொன்றில், விளக்கு மங்கி என்ஜின் அணைந்தது. மறுநாள் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது, ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் கம்பிகளும் சேரும் கனெக்டர் பழுப்பேறி, ஒரு முனை உருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. சார்ஜ் ஏறாத குறையைப் பேட்டரி மாற்றி மறைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பட்ட அந்த அல்லலை நீங்களும் பட வேண்டாம்.

என்ஜினை அணைத்து, சற்று நேரம் விட்டு அளந்தால், நல்ல பேட்டரியில் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்க வேண்டும். என்ஜின் நன்கு சூடான பிறகு, எல்லா விளக்குகளையும் கைப்பிடிச் சூட்டையும் போட்டுவிட்டு, என்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளுக்கு உயர்த்தி மீண்டும் அளக்கவும், 13.5க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் நிம்மதி. சூடாக இருக்கும்போது அளப்பது முக்கியம், ஏனெனில் குளிர்ந்த நிலையில் சரியாகக் காட்டும் ஸ்டேட்டர் சூடேறியதும் தோற்றுவிடலாம். 13க்குக் கீழே இறங்கினால், கனெக்டரைக் கழற்றிக் கம்பிகளின் நிறத்தைப் பாருங்கள். பிறகு என்ஜினை அணைத்து, அந்த மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் சோதியுங்கள். ஒன்றில் இருந்தாலும் ஸ்டேட்டர் போய்விட்டது. ஜிஎல்1200 போன்ற வண்டியானால் அதை மாற்ற என்ஜினையே ஃபிரேமிலிருந்து இறக்க வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு விலை பேசுங்கள்.