8 மீட்டர் ஆக்டோபஸ் காத்தாடி, 1,400 ரூபாய்: வாங்கலாமா?

கேள்வி: திருவிடந்தை காத்தாடித் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனதிலிருந்து வீட்டில் ஒரே நச்சரிப்பு. ஆன்லைனில் 8 மீட்டர் ஆக்டோபஸ் 1,400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? படம் எடுக்க ஜூம் கேமரா ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், பட்ஜெட் 40,000.
(வாசகர், கேளம்பாக்கம்)

பதில்: முதலில் அந்த 8 மீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தலை இரண்டு முழம் இருந்தாலே அதிகம், மீதி எல்லாம் ரிப்பன் மாதிரி தொங்கும் கால்கள்தான். திருவிழாவில் நீங்கள் பார்த்தது வேறு ரகம். அதற்குள் குச்சியே கிடையாது, முன்னால் இருக்கும் வாய் வழியாகக் காற்று புகுந்து உப்பி நிற்கும். பெரும்பாலும் மேலே தனியாக ஒரு தூக்கிக் காத்தாடி பறக்கும், அதன் கயிற்றில்தான் திமிங்கிலமும் ஆக்டோபஸும் தொங்குகின்றன. விற்பவர்கள் அந்தப் படத்தைப் போட்டு இந்தக் குட்டியை அனுப்புகிறார்கள். நானும் ஒருமுறை ஏமாந்தேன். பெட்டியைப் பிரித்ததும் என் பையன், “இது இன்னும் வளருமாப்பா?” என்று கேட்டான்.

குட்டியும் நன்றாகத்தான் பறக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். பெரிதாக வேண்டுமென்றால் இரண்டு மீட்டர் இறக்கை அகலமுள்ள டெல்டா, அதாவது முக்கோணக் காத்தாடி, வாங்குங்கள். வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: துணி ரிப்ஸ்டாப்தானா (உற்றுப் பார்த்தால் குட்டிக் குட்டிக் கட்டம் தெரியும், கிழிசல் அந்தக் கட்டத்தைத் தாண்டி லேசில் ஓடாது), குச்சி ஃபைபர்கிளாஸா, எந்தக் காற்று வேகத்துக்கு என்று எழுதியிருக்கிறதா. வாலின் நீளத்தை மட்டும் பெரிதாகப் போட்டு இதில் எதையும் சொல்லாத கடையை விட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிதாக ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். 2021 டிசம்பரில் யாழ்ப்பாணம் பருத்தித்துறையில் பெரிய பட்டம் ஒன்றை ஏற்றும்போது, கூட இருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஒருவரைப் பட்டம் அப்படியே வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. நல்லவேளை, உயிர் தப்பினார். அங்கே வருடா வருடம் பட்டம் கட்டி ஊறியவர்களுக்கே அந்தக் கதி. டெல்டாவுக்கும்கூட தோட்ட வேலைக்கான கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், நூல் சர்ரென்று ஓடினால் கை வெந்துபோகும்.

அப்புறம் நூல். மாஞ்சா பேச்சே வேண்டாம். 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான், செயற்கை இழை நூல்களையும் சேர்த்துத்தான் நாடு முழுவதும் தடை செய்தது. பெட்டியோடு வருவது பெரும்பாலும் செயற்கை இழைதான், அதனால் கெட்டியான பருத்திக் கயிறு தனியாக வாங்கிக்கொண்டு, உங்கள் கடற்கரையில் விடலாமா என்று உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, கேமரா. வாங்காதீர்கள். படம் சொதப்புவது பெரும்பாலும் ஜூம் இல்லாததால் இல்லை, நிற்கும் இடத்தால். நம் கிழக்குக் கரையில் மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து வரும், காத்தாடி கரைப் பக்கம் மேற்கே போய் நிற்கும், சாயங்காலச் சூரியனும் அங்கேதான். நூலைப் பிடித்தபடியே எடுத்தால் வெள்ளை வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. ஃபோனை இன்னொருவரிடம் கொடுத்து, நூலுக்கு அடியில் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, காத்தாடியைத் தாண்டிக் கரைப் பக்கம் போய்க் கடலைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். வெயில் முதுகில், காத்தாடி முழு நிறத்தில், பின்னால் கடல், கீழே நூலைப் பிடித்த பிள்ளை. பிள்ளை படத்தில் இருந்தால்தான் காத்தாடி எவ்வளவு பெரிதென்று தெரியும். இன்னொரு வழியும் உண்டு: காத்தாடி சூரியனை மறைக்கிற இடத்தில் நின்று மேலே பார்த்து எடுங்கள், மெல்லிய துணி வழியாக வெயில் ஊறி சிவப்பும் மஞ்சளும் தகதகவென்று எரியும். எனக்கு இதுதான் பிடிக்கும். வால் படபடப்பதை உறையவைக்க ஷட்டர் வேகம் 1/1000 நொடி போதும், பல ஃபோன்களில் ப்ரோ மோடில் இருக்கிறது.

காற்று கரைப் பக்கம் தள்ளுவதால் அங்கே மின்கம்பி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், உப்பும் மணலும் தையலை அரித்துவிடும்.

ஆக்டோபஸையே வாங்குவதாக முடிவு செய்தால், விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். எனக்குப் பணம் 19 நாளில் வந்தது. பொருளை எடுத்துப்போகத்தான் யாரும் வரவில்லை, ஆக்டோபஸ் எங்கள் பால்கனிக் கொடியில் தொங்குகிறது, வடாம் காயவைத்தால் இப்போது காக்கா கிட்டே வருவதில்லை.