சூடாக்கி வைக்காதீர்கள்: பழைய கார் என்ஜின் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எழுதியவை. மீதி, வாங்கிய பிறகு எழுதியவை. இரண்டாவது வகைக்கு அனுதாபத்தைத் தவிர என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை என்பதால் முதல் வகையை எடுத்துக்கொள்கிறேன்.

கே: "நீங்கள் வருவதற்குள் வண்டியை ஓட்டிச் சூடாக்கித் தயாராக வைக்கிறேன்" என்கிறார் விற்பவர். அக்கறையான ஆளாகத் தெரிகிறது.

ப: அக்கறை யார் மேல் என்பதுதான் கேள்வி. சூடாக்க வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து என்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். தேய்ந்த என்ஜின் தன் குணத்தைக் காட்டுவது ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நிமிடத்தில்தான். தேய்ந்த போருக்குள் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) பிஸ்டன் ஆடித் தட்டுவது, டைமிங் செயினின் சலசலப்பு, இரவெல்லாம் வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழல்) வழியாக இறங்கிய ஆயில் நீலமாக வெளியே வருவது எல்லாம் அப்போது தெரியும். ரேடியேட்டர் மூடியையும் அப்போதே திறந்து பார்த்துவிடலாம். சூடான என்ஜினில் அதைத் தொட்டால் முகம் வெந்துவிடும்.

கே: எந்தப் புகைக்குப் பயப்பட வேண்டும்?

ப: கறுப்புக்கு அதிகம் பயப்பட வேண்டாம். பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, கார்புரேட்டரையும் சோக்கையும் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெள்ளை, குளிர்ந்த காலையில் வெறும் நீராவிதான். ஆனால் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. ஹெட்டுக்கும் (சிலிண்டர்களின் மேல்மூடி) பிளாக்குக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட்டிலேயே விரிசல் விட்டிருக்கும். நீலம் என்றால் ஆயில், அது எப்போது வருகிறது என்று பாருங்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது குப்பென்று வந்தால் வால்வு கைடு. மேட்டில் இழுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங், போர். முன்னது ஹெட்டோடு முடியும். பின்னதற்கு என்ஜினையே இறக்க வேண்டும். நண்பரைக் காரில் உட்காரவைத்து ஓட்டச் சொல்லி, நீங்கள் வேறொரு வண்டியில் பின்னால் போங்கள். ஓட்டுகிறவருக்குத் தன் புகை தெரியாது.

கே: படம் இணைத்திருக்கிறேன். என்ஜின் எப்படி இருக்கிறது?

ப: படத்தில் இருப்பது பானெட். என்ன கார், எந்த வருடம் என்றுகூட எழுதவில்லை. பானெட் நன்றாக இருக்கிறது.

கே: நான்கு சிலிண்டர். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) 150, 145, 95, 90 பிஎஸ்ஐ. சராசரி 120 வருகிறதே, போதாதா?

ப: கம்ப்ரெஷனுக்குச் சராசரி போடுகிற ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன். பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் நடுவில் 10 சதவீதம் வரை இருக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற 3-ஆவதும் 4-ஆவதும் சேர்ந்து குறைந்திருக்கிறது என்றால், இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். அந்த இரண்டு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அப்புறம், டெஸ்ட்டைச் சரியாகச் செய்தார்களா? என்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கிப் பிடித்து, நல்ல பேட்டரியோடு செய்ய வேண்டும். ஆக்சிலரேட்டரை அமுக்காமல் செய்தால் நல்ல என்ஜினும் நோயாளியாகத் தெரியும்.

கே: ஆயில் பிரஷர் 20 காட்டுகிறது. சரியா?

ப: குளிர்ந்திருக்கும்போதா, சூட்டிலா? ஸ்லோவிலா, ஓட்டத்திலா? இதை எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? 20 நிமிடம் ஓட்டிய பிறகு ஸ்லோவில் 20 என்றால் நிம்மதியாக இருங்கள். அதே சூட்டில் 3000 ஆர்பிஎம்மிலும் 20-தான் என்றால் வேண்டாம். ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஜுக்குப் பதில் விளக்கு மட்டும் இருக்கிற கார் என்றால், சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், அது எரிகிறதா பாருங்கள். எனக்கு ஒரு காரைக் காட்டியவர் "பாருங்க, லைட்டே எரியல" என்று பெருமைப்பட்டார். உண்மைதான், வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்தார்.

கே: "ஃபுல் என்ஜின் வேலை பார்த்தது, இன்னும் 500 கிலோமீட்டர்கூட ஓடவில்லை" என்று கூடுதல் விலை கேட்கிறார். பில் எதுவும் இல்லையாம். கொடுக்கலாமா?

ப: மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "என்ஜின் வேலை பார்த்தது" என்பதைப் போலத் தாராளமாகப் புழங்குகிற பொய் இந்தத் தொழிலில் வேறில்லை. கேஸ்கெட் மாற்றினாலும் அதுதான் பெயர். வெறும் பெயிண்ட் அடித்தாலும் அதுதான் பெயர்.

விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். பிஸ்டன் என்ன ஓவர்சைஸ்? கிராங்க் எவ்வளவு கிரைண்ட் செய்தது? உண்மையிலேயே பணம் கொட்டியவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தேய்ந்த போரைப் பெரிதாகக் கடைந்து போடுகிற பிஸ்டன் 0.020, 0.040, 0.060 அங்குலம் என்று போகும். கிராங்க் ஷாஃப்ட், கிரைண்ட் செய்யச் செய்ய, 0.010, 0.020, 0.030 என்று குறையும். ஏற்கெனவே 0.060 ஆகியிருந்தால் பல என்ஜின்களில் அடுத்த முறை போருக்குள் ஸ்லீவ் என்கிற புது உட்குழல்தான் போட வேண்டும், அதையும் விலையில் கழியுங்கள். லேத் பட்டறைப் பில்லில் இந்த அளவுகள் இருக்கும். பில் தொலைந்துவிட்டது என்றால் வேலையும் அதோடு தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. முட்டை வடிவமாகத் தேய்ந்துபோன போரிலேயே புது ரிங்கை மட்டும் போட்டுவிடுவார்கள். விற்கிற வரைக்கும் புகை நிற்கும். தேய்ந்த போரின் மேல்விளிம்பில் ஒரு மேடு இருக்கும். புது ரிங் அதில் போய் இடித்து உடையவும் செய்யும். சில ஆயிரம் கிலோமீட்டரில் புகை உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

சின்ன வயதில் நானும் ஏமாந்தவன்தான். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்த பிளாக்கைப் பார்த்து மயங்கி வாங்கினேன். மூன்றாவது மாதம் அடியில் தட்டத் தொடங்கியது. சம்ப்பை (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றப் படுத்தால், புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய கிரீஸ் கட்டி கட்டியாக அப்படியே இருக்கிறது. கேஸ்கெட் விளிம்பு, போல்ட் தலை எல்லாவற்றின் மேலும் பெயிண்ட். கனெக்டிங் ராடு பேரிங்கில் செம்பு தெரிந்தது. அன்றிலிருந்து பெயிண்ட் வாசனை அடிக்கிற என்ஜின் என்றால் இரண்டு மடங்கு நேரம் எடுத்துப் பார்க்கிறேன்.

நிஜமாகவே வேலை பார்த்திருந்தாலும் 500 கிலோமீட்டர் ஒரு பெருமை இல்லை. போல்ட் சரியாக முறுக்கினார்களா, கேம்ஷாஃப்ட் பழகிற்றா என்பதெல்லாம் ஓடித்தான் தெரியும். வேலை பார்த்து 10,000 ஓடிய என்ஜினுக்குத் தருகிற விலையை இதற்கு நான் தரமாட்டேன். களைத்துப்போன, ஆனால் மறைக்காத என்ஜினுக்குப் பேரம் பேசி வாங்குவேன்.

கே: ஆயில் ஊற்றும் மூடியின் உள்ளே வெண்ணெய் போல ஒட்டியிருக்கிறது.

ப: டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அதில் சுத்தமான ஆயில் என்றால், குட்டிக் குட்டித் தூரமே ஓடிய காரின் ஈரம் அது. டிப்ஸ்டிக்கிலும் அப்படியே இருந்தால் தண்ணீர் சம்ப்புக்குப் போய்விட்டது, கிளம்புங்கள்.

கே: 15 வருடம் ஷெட்டில் நின்ற கார். பேட்டரி போட்டு ஒரு செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்கிறார்.

ப: வேண்டாம். ரிங் போரோடு ஒட்டியிருக்கும், போர் துருப்பிடித்திருக்கும், அந்த ஒரு செல்ஃபில் உடைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி உள்ளே ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் என்ஜினே இல்லாத கார் என்ற விலையில் பேசுங்கள்.

கே: காரீயம் (லெட்) கலந்த பெட்ரோலுக்குச் செய்த என்ஜின். இப்போது ஓட்டினால் கெடுமா?

ப: 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு காரீய பெட்ரோல் உலகத்தில் எங்கும் பங்க்கில் காருக்குக் கிடைக்காது. வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாகக் கடைந்த எக்ஸாஸ்ட் வால்வு சீட் என்றால், வேகமாக ஓட்ட ஓட்ட உள்ளே இறங்கும், டாப்பெட் (வால்வு) இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடினமான சீட் பதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பில்லோடு.

கே: டிரையம்ஃப் ஆறு சிலிண்டர் பார்க்கப் போகிறேன். ஸ்பெஷலாக ஏதாவது?

ப: என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்ச்சை மிதித்து மிதித்து விடச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கிற த்ரஸ்ட் வாஷர் போயிற்று. வாஷர் மலிவு. கழன்று விழுந்தபின் ஓட்டியிருந்தால் பிளாக்கே போயிருக்கும்.

கே: ஃபோக்ஸ்வாகன் பீட்டில்?

ப: அதே நகர்வைப் புல்லியைக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். "டக்" என்று கேட்கக் கூடாது. 3-ஆவது சிலிண்டரின் கம்ப்ரெஷனைத் தனியாகக் கவனியுங்கள். பழைய மாடல்களில் ஆயில் கூலர் குறுக்கே நிற்பதால் அதற்குக் காற்று குறைவு. எப்படியும் முதலில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் கிளம்புங்கள்.

கே: மாஸ்டா ரோட்டரி என்ஜினுக்கும் இதே கம்ப்ரெஷன் கேஜ் போதுமா?

ப: போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று அறை, சாதாரண கேஜ் அவற்றில் நல்ல அறையை மட்டும் காட்டும். மூன்றையும் தனித்தனியே காட்டும் கருவி வைத்திருப்பவரைத் தேடுங்கள். என்னிடம் இல்லை.