மானாப்புல் காயும் மாதங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லயத்துக்கு (ஒரே கூரையின் கீழ் உள்ள தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கீழே முழுக்க மானாப்புல், மலைச்சரிவில் உயரமாக வளரும் புல். வருஷாவருஷம் யாராவது பற்றவைத்துவிடுகிறார்கள். எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும்? புல்லுக்கு மருந்து அடித்தால் போதாதா?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே உங்கள் ஊவாப் பக்கம் ஈரமில்லாமல் இறங்குகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை உங்கள் புல் காய்ந்து நிற்பது அதனால்தான். ஆகவே மே மாதமே கத்தியை எடுங்கள். சுவரைச் சுற்றி 30 அடி, கீழ்ச்சரிவில் அதைப்போல் இரு மடங்கு. நெருப்பு மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். புல் 4 அங்குலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. வெட்டியதை வாரி அப்புறப்படுத்தாவிட்டால் வெட்டியும் பயனில்லை.

மருந்து வேண்டாம். செத்த புல் நின்றபடியே காயும். மண்வெட்டியால் வேரோடு கொத்தவும் வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் மழையில் லயத்தின் காலடி மண்ணே சரியும்.

கூரையையும் பாருங்கள். தகரத்தின் நெளிவுக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழையும் சந்து இருக்கும். காற்றில் வரும் பொறி அதன் வழியே பரணில் அடுக்கிய விறகில் விழுந்தால், ஒரு காம்பராவோடு நிற்காது, கூரை ஒன்றுதானே. அந்தச் சந்தில் களிமண்ணை அடையுங்கள், கூரைப் பீலியில் சேர்ந்த சருகை அள்ளுங்கள், விறகை 30 அடிக்கு அப்பால் அடுக்குங்கள்.

கேள்வி: ஊற்றுத் தண்ணீர் ஹோஸில் வருகிறது. நெருப்பு வந்தால் திறந்துவிட்டுச் சமாளிக்கலாம்தானே?
(வாசகர், வெலிமடை)

பதில்: ஊற்று மேலே, வீடு கீழே, நடுவில் அந்தக் கறுப்பு ஹோஸ் புல்லுக்குள் கிடக்கிறது. முதலில் உருகுவது அதுதான். ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். பாறை குறுக்கிட்டால் மேலே மண்ணைக் கொட்டி மூடுங்கள். எதிர்மலையில் புகை தெரிந்ததுமே பீப்பா, வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பி, சாக்குகளை ஊறப் போடுங்கள். தண்ணீரைச் சூடேறிய தகரத்தில் ஊற்றி வீணாக்காமல், பொறி விழும் மூலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாயிக்கு நடக்க முடியாது. எப்போது, எங்கே போவது?
(வாசகி, அப்புத்தளை)

பதில்: சுவாலை தெரியும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். நடக்க முடியாதவர்களும் கைக்குழந்தைகளும் புகையைக் கண்டதும் கிளம்ப வேண்டும். கைப்பிடி நாற்காலியின் இருபுறமும் மூங்கில் கட்டி, இரண்டு பேர் தூக்கிப் பழகுங்கள்; இருட்டில் ஒருமுறையாவது.

மேட்டில் ஏறாதீர்கள். ஓடைப் பள்ளமும் வேண்டாம், அது புகைபோக்கி மாதிரி நெருப்பை உறிஞ்சும். பக்கவாட்டாக மைதானத்துக்கோ பச்சைத் தேயிலை மலைக்கோ போங்கள். அண்மையில் கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கட்டையாக நறுக்கிய) மலை மட்டும் கூடாது: அடியில் காய்ந்த மிலாறு, வெட்டிப் போட்ட குச்சிகள், கிடக்கும்.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். நைலோன் உருகித் தோலோடு ஒட்டும். பையில் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கடதாசி, கிளினிக் கொப்பியும் மருந்தும், மறக்காமல் அடகுச் சிட்டை. கேஸ் சிலிண்டரை மூடுங்கள். மாட்டை முன்கூட்டியே வேறிடம் கொண்டுபோய்க் கட்டுங்கள். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். அழைக்க: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, தீயணைப்பு 110, அம்புலன்ஸ் 1990.

கேள்வி: எதிர்நெருப்பு வைக்கலாமா?
(வாசகர், பசறை)

பதில்: கூடாது. காற்று திரும்பினால் அது உங்கள் கையால் வைத்த கொள்ளி.

கேள்வி: நெருப்பு கடந்துபோன பிறகு வீட்டுக்குள் படுக்கலாமா?
(வாசகி, ஹல்துமுல்ல)

பதில்: அன்று இரவு முறைபோட்டுக் காவலிருங்கள். மரக்கட்டையின் வேரிலும் காய்ந்த சாணத்திலும் கனல் சாம்பலுக்கடியில் கிடக்கும். புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டினால் சூடு தெரியும். கிளறித் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் கிளறுங்கள்.